பத்துத் தூண் சந்து

மதுரைக்குப் போனால் மீனாட்சியைத் தரிசித்த கையோடு ஒரு சேலைக் கடைக்குள் நுழையாமல் நீங்கள் திரும்பப் போவதில்லை, எனக்குத் தெரியாதா! அப்படியே விளக்குத்தூண் பக்கம் நடந்து பத்துத் தூண் சந்துக்குள் திரும்புங்கள். ஜவுளி மூட்டை சுமந்து வருகிறவருக்கு வழிவிட்டு, சற்றே அண்ணாந்து பாருங்கள்.

கடைகளுக்கு நடுவே, மேலே கூரையில்லாமல், எதையும் தாங்காமல், பிரம்மாண்டமான கல் தூண்கள் நிற்கின்றன. எண்ணிப் பாருங்கள், பத்து!

திருமலை நாயக்கர் 1636-ல் கட்டிய அரண்மனையின் மிச்சம் இவை. சொர்க்க விலாசத்தில் அரசர். ரங்க விலாசத்தில் தம்பி முத்தியாலு நாயக்கர். நாடகசாலை, நந்தவனம், குளம் என்று ராஜகேளிக்கைக்கு வேண்டிய அத்தனையும் அந்த மதிலுக்குள்ளேயே இருந்தன. மாலையானால் தீவட்டி வெளிச்சத்தில் ஆட்டமும் பாட்டும்தான்!

பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றினார். பாட்டனாரின் மாளிகையையும் பிரித்து, கல்லும் மரமுமாக அங்கே கொண்டுபோனார். வீடு மாறும்போது தட்டுமுட்டுச் சாமான் ஏற்றுவோம். வீட்டையே ஏற்றியவர் இவர்தான்! பிற்காலத்தில், 1866-ல் கவர்னராக வந்த நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்ததால் மஹால் பிழைத்தது. நாம் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் அந்த மஹால் பழைய அரண்மனையில் கால்வாசிதான். ரங்க விலாசத்துக்கு அந்த அதிர்ஷ்டமும் இல்லை.

தூணடி நிழலில் கூடையை இறக்கியிருந்த பூக்காரியிடம், "ஏம்மா, இது என்ன தூண்?" என்று கேட்டேன்.

"பத்துத் தூணும்மா."

"எதுக்காக நிக்குது?"

"இது நின்னாத்தானேம்மா சந்துக்குப் பேரு?" என்றாள், மல்லிகையை முழம் போட்டபடியே.