அப்பாவின் மூச்சுக் கணக்கு

தாங்கல் கரைசல் பாடம் நடத்தும்போதெல்லாம் கரும்பலகையில் நான் முதலில் எழுதுவது ஒரு விதியைத்தான். வேண்டிய பி.எச். மதிப்பிலிருந்து ஒன்றுக்கு மேல் விலகாத பி.கே.ஏ. உள்ள அமிலத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 4.8 வேண்டுமென்றால் அசிட்டிக் அமிலமும் சோடியம் அசிட்டேட்டும், 7.2 என்றால் பாஸ்பேட். அமிலமும் உப்பும் சம அளவில் இருக்குமிடத்தில் கரைசல் உறுதியாக நிற்கும்.

இரத்தம் இந்த விதியை மதிப்பதில்லை. அதன் பி.எச். 7.4, அது பெரிதும் நம்பியிருக்கும் கார்பானிக் அமிலத்துக்கோ 6.1. சோதனைக்கூடத்தில் ஒரு மாணவன் இதைத் தேர்ந்தெடுத்தால் மதிப்பெண் தரமாட்டேன்.

கொடுமுடியில் மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்த அப்பா, திண்ணையில் அமர்ந்து ஆழமாகவும் வேகமாகவும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். "வயசாயிருச்சு கண்ணு, வேறொண்ணுமில்ல" என்றார். ஆஸ்துமாவாக இருக்கும் என்று நானும் ஒரு வாரம் விட்டுவிட்டேன். வேதியியல் ஆசிரியன்!

சிறுநீரகங்கள் பழுதாகியிருந்தன. இரத்தப் பரிசோதனைத் தாளில், 24 இருக்கவேண்டிய பைகார்பனேட் 14. கரியமில வாயுவின் அழுத்தம் 40க்குப் பதில் 28. தாளின் பின்புறத்திலேயே கணக்குப் போட்டேன். 28ஐ 0.03ஆல் பெருக்க 0.84. பதினான்கை அதனால் வகுத்து மடக்கை கண்டால் 1.22. 6.1ஐக் கூட்ட, 7.32. அழுத்தம் 40இலேயே நின்றிருந்தால்? 7.17.

இடையிலுள்ள அந்த 0.15, முழுக்க அவருடைய மூச்சு. மூடிய குடுவையில் தோற்றுப்போகும் இந்தத் தாங்கல் உடம்பில் நிற்பது, உடம்பு மூடிய குடுவை அல்ல என்பதால்தான். அமிலத்தை வாயுவாக்கி நுரையீரல் வெளியேற்றுகிறது. சிறுநீரகம் பைகார்பனேட்டை மீட்டுத் தருகிறது. அப்பாவுக்கு இரண்டாவது கதவு சாத்திவிட்டது. முதல் கதவைத்தான் திண்ணையில் உட்கார்ந்து பகலும் இரவும் தள்ளித் திறந்துகொண்டிருந்திருக்கிறார்.

இந்தச் சமன்பாட்டின் மூல வடிவத்தை ஹெண்டர்சன் 1908இல் எழுதினார். எங்கள் ஊர் கே.பி. சுந்தராம்பாள் பிறந்ததும் அதே ஆண்டு. இரண்டுக்கும் தொடர்பில்லை. மூச்சைப் பற்றி நினைக்கும்போது இரண்டும் சேர்ந்தே வருகின்றன.

டயாலிசிஸ் இயந்திரத்தின் கீழே இரண்டு கேன்கள் இருந்தன. ஒன்றில் அமிலக் கரைசல், மற்றதில் பைகார்பனேட். "எதுக்குக் கண்ணு ரெண்டு?" என்றார் அப்பா.

"அதுல கால்சியம் இருக்குதுப்பா. முன்னாடியே ஒண்ணாக் கலந்து வெச்சாச் சுண்ணாம்பு படிஞ்சிரும்."

"சுண்ணாம்பா?" என்று சிரித்தார். பழக்கத்தில் இடுப்பிலிருக்கும் வெற்றிலைப் பையைத் தேடிப் போன கை, ஊசி குத்தியிருந்த கை. பாதியில் நின்றுவிட்டது.