பேரையூர்ச் சாலையும் ஓர் ஓவிய அம்மையாரும்

திருமங்கலத்திலிருந்து டி. கல்லுப்பட்டியைக் கடந்து பேரையூரை நெருங்குகையில் மண்ணின் நிறம் மாறிவிடுகிறது. பருத்தியும் சோளமும் விளையும் கரிசல் பூமி இது. மேற்கே, சாப்டூருக்கு அப்பால், சதுரகிரி மலை நீலச் சுவராய் எழுந்து நிற்கிறது. கண்மாய்களுள் கருவேல மரங்கள், வரப்புகளில் பனைகள், ஊர்மேடைகளில் அரசும் வேம்பும். மழை தவறாத ஆண்டானால் நீர்நிலைகளில் தாமரையும் உண்டு. இவ்வழியே நாள்தோறும் செல்வோர் இவற்றை ஏறிட்டும் பார்ப்பதில்லை. பழகிய பொருளுக்கு மதிப்பேது?

ஆனால், இத்தகைய மரங்களையும் மலர்களையும் காண்பதற்கென்றே கடல் கடந்து வந்தார் ஒரு பெண்மணி. இங்கிலாந்தைச் சேர்ந்த ஓவியர் மரியன் நார்த் அம்மையார் 1877-இல் இந்தியப் பயணத்தைத் தொடங்கி, மதுரையையும் தஞ்சையையும் கண்டார். தஞ்சையில் நீதிபதியாயிருந்த வடமொழி அறிஞர் பர்னல், இந்துக்கள் புனிதமெனப் போற்றும் செடிகொடிகளை அவர் தீட்டுவதற்குத் துணை நின்றார். துளசி, வில்வம், அரசு, தாமரை என நம் வீட்டு முற்றத்திலும் ஊர்க்குளத்திலும் இருப்பவையே அவர் தேடிய செல்வங்கள்!

இக்கண் அவருக்கு எவ்வாறு வாய்த்தது? வீட்டில்தான். அவர் 1830-இல் ஹேஸ்டிங்ஸ் நகரில் பிறந்தார். பள்ளிப் படிப்பு மிகச் சொற்பம். பாராளுமன்ற உறுப்பினரான தந்தை பிரடெரிக் நார்த், மகளைத் தம்முடன் அழைத்துச் சென்று பல நாடுகளைக் காட்டினார். லண்டனை அடுத்த கியூ தாவரப் பூங்காவுக்கும் தந்தையும் மகளும் செல்வதுண்டு. அங்கே ஒருநாள் பூங்காவின் தலைவர் வில்லியம் ஹூக்கர், பர்மிய நாட்டு மரமொன்றின் செந்நிறப் பூங்கொத்தை இளம்பெண்ணின் கையில் தந்தார். வெப்ப நாடுகளைக் காணவேண்டும் என்ற வேட்கையை அவருள் வளர்த்தது அந்தப் பூங்கொத்தே. ஒரு குழந்தையின் கையில் நாம் எதைக் கொடுக்கிறோம் என்பது அற்பக் காரியமன்று.

1855-இல் தாயார் இறக்கும் தறுவாயில், தந்தையை விட்டுப் பிரிவதில்லை என்று மகளிடம் வாக்குப் பெற்றார். அவ்வாக்கை அவர் காத்தார். 1869-இல் தந்தை மறைந்தபோது மகளுக்கு வயது 39. இனி வாழ்வில் என்ன இருக்கிறது என்று மூலையில் அமர்ந்திருக்கலாம், பலர் அமர்ந்திருப்பர். அவரோ தூரிகையை எடுத்துக்கொண்டு, 1871-இல் தனியே புறப்பட்டார். அமெரிக்கா, பிரேசில், ஜப்பான், போர்னியோ, இலங்கை என்று பயணம் நீண்டது. வெள்ளைத் தாளில் ஒற்றைக் கிளையை வரைவதே அக்காலத் தாவர ஓவியரின் வழக்கம். இவரோ மரத்தை அதன் மலையோடும் வானத்தோடும் சேர்த்து, எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். பிறந்த மண்ணைவிட்டு ஒரு செடியைப் பிரித்துப் பார்க்க அவர் மனம் ஒப்பவில்லை போலும்.

ஒன்று மட்டும் என் நெஞ்சை உறுத்துகிறது. அவர் வந்த காலம் தாது வருடப் பஞ்சத்தின் காலம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். மதுரைச் சீமையும் தப்பவில்லை. வானம் பொய்த்தால் கரிசல்காட்டு உழவனுக்கு வேறு கதி ஏது? அம்மையாரின் மலர் ஓவியங்களில் அந்தப் பசியின் முகம் இல்லை. அதற்காக அவரைக் குற்றம் சாட்ட நான் துணியேன். ஆயினும் அப்படங்களை எண்ணும்போதெல்லாம் அந்த ஆண்டும் உடன் நினைவுக்கு வருகிறது.

1882-இல் கியூ பூங்காவில் தம் சொந்தச் செலவில் ஓவியக்கூடம் ஒன்றை எழுப்பினார். அதை வடிவமைத்த ஜேம்ஸ் பெர்குசன், இந்தியக் கட்டடக் கலையின் வரலாற்றை எழுதியவர். எண்ணூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள் சுவரே தெரியாதபடி நெருக்கமாய் அங்கே தொங்குகின்றன. 1890-இல் அம்மையார் மறைந்தார். பேரையூர்க் கண்மாயில் பூத்து, பறிப்பாரின்றி வாடும் தாமரைக்கு, அந்தத் தொலைதூரச் சுவரில் ஓர் உடன்பிறப்பு இன்றும் வாடாமல் இருக்கிறது.