கூம்பில் தேற வேண்டிய இசை

உள்ளூர்த் துணிக்கடை, நகைக்கடை விளம்பரங்களில் பேச்சுக்குப் பின்னால் ஓடும் இசையை யார் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று தருமபுரி நண்பரிடம் கேட்டேன். அவர் என்னைக் கம்பைநல்லூருக்கு அழைத்துப் போனார். கடைவீதியில், ஒரு செல்போன் கடையின் மாடியில், விளம்பரங்களுக்கு இசை பொருத்தும் ஓர் எடிட்டரின் சின்ன அறை. கணினி, இரண்டு நல்ல ஸ்பீக்கர்கள். மூலையில், நசுங்கிய விளிம்போடு ஓர் அலுமினியக் கூம்பு ஸ்பீக்கர்.

அது எடிட்டரின் அப்பா விட்டுப்போனது. அவர் மைக் செட்காரர். கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் பண்டிகை, விடிய விடிய நடக்கும் தெருக்கூத்து என்று தென்பெண்ணைக் கரை ஊர்களுக்கெல்லாம் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போனவர். வேப்பமரத்தில் ஏறிக் கூம்பைக் கட்டுவது மகன் வேலை. கட்டிவிட்டு வயல் தாண்டி நடந்து போய், எது எவ்வளவு தூரம் கேட்கிறது என்று வந்து சொல்லவும் வேண்டும். “தவில் அடிச்சா வலந்தலை வரும் சார், தொப்பி வராது. கூம்பு அடிச்சத்தத்தைத் தின்னுடும். அது பத்து வயசுலயே தெரிஞ்சுபோச்சு” என்றார். அந்தப் படிப்புதான் இன்றும் அவருக்குச் சோறு போடுகிறது.

காட்சிகளுக்கு நிறம் திருத்துவதையும் அவர் பொறுமையாகக் காட்டினார். அதில் என் மனம் செல்லவில்லை. அவர் கேட்கும் முறைதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

அன்று ஓசூரிலிருந்து ஓர் இளைஞர் ஒரு டிராக் அனுப்பியிருந்தார். மடிக்கணினியில் செய்த துள்ளலான எலக்ட்ரானிக் இசை. ‘விளம்பரத்துக்கு ஆகுமாண்ணா?’ என்று கூடவே ஒரு வரி. நல்ல ஸ்பீக்கரில் ஓடவிட்டார். என் கால் தானாகத் தாளம் போட்டது. அவர் அசையவில்லை. ஆடித் தள்ளுபடி பற்றி ஒரு பெண் பேசிய பழைய பதிவை அதன்மேல் ஏற்றினார். உடனே குரல் மங்கியது. சிந்தசைசர் மெட்டு 2000 ஹெர்ட்ஸை ஒட்டி நின்றது. பேச்சில் மெய்யெழுத்துகள் துலங்குகிற இடம் அது. ‘தள்ளுபடி’யின் முதல் எழுத்தே காணாமல் போயிற்று.

வேகம், நிமிடத்துக்கு 128 அடி. அவர் வீடியோ நொடிக்கு 25 ஃபிரேம். 125 அடி என்றால் ஒவ்வோர் அடியும் சரியாக 12 ஃபிரேமுக்கு ஒருமுறை விழும். அளந்து வைத்தபடி காட்சியை வெட்டிக்கொண்டே போகலாம். 128 என்றால் கணக்கு பின்னத்தில் நிற்கும், ஒவ்வொரு வெட்டையும் கையால் நகர்த்த வேண்டும். முடிவும் சரியில்லை. கடைப் பெயர் திரையில் வரும் நொடியில் இசை ஓர் அடி அடித்து நிற்க வேண்டும். இது மெல்லத் தேய்ந்து மறைந்தது.

பிறகு கூம்பில் போட்டார். துள்ளல் முழுக்க கிக் டிரம்மில் இருந்தது. அதைக் கூம்பு விழுங்கிவிட, ஹை-ஹேட்டின் ‘ச்சிக் ச்சிக்’ மட்டும் மிஞ்சியது. சந்தைக் கூட்டத்துக்குள் போகும் விளம்பர ஆட்டோவிலும் செல்போனிலும் இதுதான் கேட்கும். பெரிய ஸ்டுடியோவிலும் இதே சோதனைதான்: 1982இல் வெளிவந்த மைக்கேல் ஜாக்சனின் ‘திரில்லர்’ ஆல்பத்தைத் தயாரிப்பாளர் குயின்சி ஜோன்ஸும் ஒலிப்பதிவாளர் புரூஸ் ஸ்வீடீனும் ஆரடோன் என்ற சின்னஞ்சிறு ஸ்பீக்கரில் கேட்டுச் சரிபார்த்தார்கள். வீட்டு ரேடியோவில் தேறாத இசை எங்கும் தேறாது என்று அவர்களுக்குத் தெரியும். கம்பைநல்லூர்க்காரர் இதை மரத்தின் மேலிருந்து கற்றார்.

பணப் பேச்சு வந்தபோது அவர் குரல் மாறியது. காசு கொடுத்து முறையாக வாங்கிய இசைக்கே யூடியூபில் ‘இது என்னுடையது’ என்று உரிமைக் கோரிக்கை (கிளைம்) வருகிறது. எல்லாருக்கும் கிடைக்கிற ஆயத்த இசைத் துண்டை (லூப்) எடுத்து, தன் சொத்து என்று யாரோ பதிந்துவிடுகிறார்கள். பிரத்தியேக உரிமை உள்ளதை மட்டுமே பதியலாம் என்பது அங்கே விதி. ஆனால், அடுத்தவர் பாட்டுகளைத் தங்களுடையவை என்று சொல்லி 2 கோடி டாலருக்கு மேல் சுருட்டியதாக அமெரிக்காவில் இருவர்மீது 2021இல் வழக்கே வந்தது. இசை செய்தவனுக்கும் அதைப் பொருத்தியவனுக்கும் நடுவில் நின்று, ஒரு ஸ்வரமும் போடாமல் தின்கிற கூட்டம் இது. ஓசூர் இளைஞரிடமும் ஒரு தரகர், ஒரே தொகைக்கு எல்லா உரிமையையும் எழுதிக்கொடுக்கச் சொல்லியிருக்கிறார். 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையை எழுதிக்கொடுத்த பின்னும் இசையமைப்பாளருக்கு ராயல்டியில் சம பங்கு உண்டு. இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது திருட்டு. வேறு பெயர் அதற்கு இல்லை.

எடிட்டர் போனை எடுத்து வாய்ஸ் மெசேஜ் பேசினார்: “தம்பி, மெட்டு நல்லாருக்கு. 125க்கு இறக்கு. மெட்டு இல்லாம ஒண்ணு, மெட்டோட ஒண்ணு, தனித்தனியா அனுப்பு. கிக் மேல ஒரு கைத்தட்டு சேரு, கூம்புல கேக்கணும். முப்பது செகண்டுல டக்குனு நிறுத்து. எதை எங்க எடுத்தேன்னு எழுதிக் குடு. அந்த ஆளுக்குக் கையெழுத்துப் போட்டுறாத, காசு கடைக்காரர்கிட்ட இருந்து நேரா உனக்கே வரும்.”