மச்சச் சட்டி, சைவச் சட்டி, இன்னொரு சட்டி

ரொறன்ரோவில் இருந்து கட்டுநாயக்காவுக்குப் புறப்படும் பெட்டிகளில் வழக்கமாகச் சொக்லேற்றும் விற்றமின் குளிசையும் சவர்க்காரமும் இருக்கும். ஸ்காபரோவில் வளர்ந்த அந்த 19 வயதுப் பிள்ளையின் பெட்டியில் இருந்தவை வேறு. குளூட்டன் இல்லாத பிஸ்கட் பைக்கற்றுகள், சின்னச் சட்டி ஒன்று, ஒரு கரண்டி, வைத்தியரின் கடிதம், தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்துப் பிளாஸ்டிக் உறை போட்ட அட்டைகள் பத்து. வெள்ளவத்தையில் அம்மம்மா இருக்கிறார், கொட்டாஞ்சேனையில் மாமி இருக்கிறார். மூன்று கிழமைப் பயணம். பிள்ளைக்குச் சீலியாக் நோய்.

“அரிசிச் சோறு தின்கிற நாட்டுக்குப் போறாய், உனக்கென்ன கவலை?” என்று ஸ்காபரோவில் எல்லோரும் ஒரே குரலில் சொல்லி அனுப்பினார்கள். அந்த நம்பிக்கைதான் ஆபத்தானது.

சீலியாக் என்பது ஒவ்வாமை அல்ல, வயிற்றுக் கோளாறும் அல்ல. கோதுமை, பார்லி, றை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலுக்குள் போனதும், உடலின் காவற்படை தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கத் தொடங்குகிறது. சத்தை உறிஞ்சும் மெல்லிய குடல்விரல்கள் தேய்ந்து தட்டையாகின்றன. இரத்தச்சோகை, எலும்புத் தேய்வு, பிள்ளைகளில் வளர்ச்சிக் குறைவு எல்லாம் அதன் பின்னே வருகின்றன. உலகில் நூற்றுக்கு ஒருவர் அளவில் இந்த நோய் இருக்கிறது. மருந்து இல்லை. வாழ்நாள் முழுக்கக் குளூட்டனைத் தொடாமல் இருப்பதே வைத்தியம். இத்தாலிய வைத்தியர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் மூன்று மாதம் உட்கொண்டவர்களின் குடல் பழுதடைந்தது. ஒரு துண்டுப் பாணில் ஏறத்தாழ 2 கிராம் குளூட்டன் இருக்கும். 50 மில்லிகிராம் என்றால் அந்தத் துண்டின் நாற்பதில் ஒரு பங்கு. மேசையில் உதிர்ந்து கிடக்கும் பாண் தூள் போதும். உடனே வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழுபவர்களும் உண்டு, வெளியே ஒன்றுமே தெரியாமல் உள்ளே பழுதாகிக்கொண்டிருப்பவர்களும் உண்டு. “சாப்பிட்டாய், ஒண்டும் நடக்கேல்லையே” என்ற வாதம் இந்த நோயில் செல்லாது.

கோதுமைதான் காரணம் என்பதை உலகுக்கு நிறுவியவர் வில்லம் டிக்கே என்ற ஒல்லாந்துக் குழந்தை வைத்தியர். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம். பாண் அற்றுப்போனது. மற்றவர்கள் மெலிந்துகொண்டிருக்க, சீலியாக் பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மறுபடி விழுந்தார்கள். 1950இல் தன் ஆய்வேட்டில் அதை எழுதி வைத்தார்.

எங்கள் ஆட்களுக்கு இந்த நோயின் பெயரே தெரியாததற்கு ஒரு நியாயமான காரணம் உண்டு. 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு, வேலூர்ப் பக்கம் உட்பட மூன்று பிரதேசங்களில் 23,000க்கு மேற்பட்டவர்களைச் சோதித்தது. வட இந்தியாவில் நூற்றுக்கு 1.23 பேருக்குச் சீலியாக். தெற்கில் ஆயிரத்துக்கு ஒருவர். ஆனால் நோய்க்கு வழிவிடும் மரபணு இரண்டு இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே அளவில், மூன்றில் ஒரு பங்குக்கும் கூடுதலானவர்களிடம் இருந்தது. வேறுபாடு தட்டில் இருந்தது: வடக்கில் நாளொன்றுக்குச் சராசரி 455 கிராம் கோதுமை, தெற்கில் 25 கிராம். காலையில் பாண், மத்தியானம் சான்ட்விச், இரவில் பாஸ்தா என்று வளரும் புலம்பெயர்ந்த தலைமுறையைப் பற்றி இந்த ஆய்வு பேசவில்லை. ஆனால் சோர்வும் இரத்தச்சோகையும் தீராத பிள்ளையை வைத்திருக்கும் தமிழ்த் தாய்மார், “எங்கட ஆக்களுக்கு இது வராது” என்று ஒதுக்காமல் இரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும்.

வெள்ளவத்தையில் முதற்காலை தோசை. சென்னையில் என்றால் அரிசியும் உளுந்தும், யோசிக்க ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்துத் தோசை அப்படியல்ல. உழுந்தோடும் வெந்தயத்தோடும் கோதுமை மாவும் கரைத்துப் புளிக்க வைக்கும் வீடுகள் ஏராளம். இட்டலிக்கு வறுத்த ரவை, புட்டுக்கு அரிசி மாவோடு அவித்த கோதுமை மா, முறுக்குக்கும் அதே அவித்த மா. வெள்ளை இடியப்பம் பல கடைகளில் கோதுமை மாவிலேயே பிழிந்தது. பார்த்தால் அரிசிப் பண்டம், பெயரும் அரிசிப் பண்டத்தின் பெயர். உள்ளே இருப்பது பாண் மா.

இலங்கையில் கோதுமை விளைவதில்லை. அது குசினிக்குள் நுழைந்த கதை போரும் பங்கீடுமாக நீள்கிறது. 1942இல் பர்மா ஜப்பானியரின் கையில் விழுந்ததோடு பர்மா அரிசி நின்றது. கூப்பனுக்குக் கோதுமை மா வந்தது. பிறகு அமெரிக்க உதவியாக வந்த மாவை யாழ்ப்பாணத்தில் ‘அமெரிக்கன் மா’ என்றே சொன்னார்கள். 1980இல் திருகோணமலையில் பிறீமா ஆலை அரைக்கத் தொடங்கியது. விலை குறைவு, இடிக்கவும் வறுக்கவும் தேவையில்லை, பிசைந்தால் பிடிபடும். இரண்டு தலைமுறைக்குள் ‘மா’ என்ற ஒற்றைச் சொல்லே கடையில் கோதுமை மாவைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. அதனால்தான் கொழும்பில் “குளூட்டன் இருக்கா?” என்று கேட்பதில் பயனில்லை. “என்ன மா?” என்று கேட்க வேண்டும்.

அந்தப் பிள்ளை காலி வீதிக் கடையொன்றில் அப்படித்தான் கேட்டாள். “அண்ணை, சிவப்பு இடியப்பம் என்ன மா?”

“சிவப்பரிசி மா, தங்கச்சி.”

“வேற ஒண்டும் கலக்கிறேல்லையோ?”

“பிடிபடுறதுக்குக் கொஞ்சம் கோதுமை மா போடுறது. கொஞ்சம்தான்.”

கேட்டதால் வந்த பதில் அது. அந்த மனிதர் ஒளிக்கவில்லை; முதற் கேள்விக்கும் அவர் பொய் சொல்லவில்லை. கேள்வி இரண்டாம் தரமும் போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். சிங்களத்தில் கேட்பதானால் கோதுமை மா ‘திரிங்கு பிட்டி’, அரிசி மா ‘ஹால் பிட்டி’. இந்த இரண்டு சொல்லும் கையில் இருந்தால் தெகிவளையிலும் கொள்ளுப்பிட்டியிலும் ஓரளவு சமாளிக்கலாம்.

அட்டையில் எழுதியிருந்தது இது. தேவைப்படுபவர்கள் அப்படியே பிரதி பண்ணலாம்.

“எனக்குக் கோதுமையும் பார்லியும் சிறிதளவு பட்டாலும் வருத்தம் வரும். கோதுமை மா, ஆட்டா மா, பாண், ரவை, சேமியா, சோயா சோஸ், மோல்ட் எதுவும் சேர்க்க வேண்டாம். சோறு, தனி அரிசி மா, குரக்கன், உழுந்து, பருப்பு, கிழங்கு, மீன், இறைச்சி, முட்டை, தேங்காய், மரக்கறி சாப்பிடலாம். றோல்ஸ், பற்றிஸ் பொரித்த எண்ணெயில் பொரித்ததும், ரொட்டிக் கல்லில் சுட்டதும் வேண்டாம். கழுவிய சட்டியும் கரண்டியும் பாவித்துத் தாருங்கள்.”

எண்ணெயும் கல்லும் அட்டையில் இடம்பிடித்தது காரணத்தோடுதான். உழுந்து வடையில் கோதுமை இல்லாமல் இருக்கலாம். அது குளிக்கும் எண்ணெயில் சற்று முன் றோல்ஸ் குளித்திருக்கும். கொத்து ரொட்டி அடிக்கும் தகட்டில் ஊற்றிய ஒம்லெற்றும் அப்படியே. டெவல் கறிகளில் சோயா சோஸ், அதில் கோதுமை. சைவக் கடைச் சாம்பாரில் பெருங்காயம். டப்பாவில் வரும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மா சேர்ந்திருக்கும், டப்பாவின் பின்பக்கத்தை வாசித்தால் தெரியும். மிளகாய்த்தூளும் அரிசி மாவும் அரைக்கும் மில்லில் கோதுமையும் அரைபடுகிறதா என்பது இன்னொரு கேள்வி. அரிசியை வீட்டில் கழுவி, ஊறவைத்து, வீட்டு மெசினில் அரைத்தால் அந்தக் கேள்வி எழாது.

மத்தியானச் சோறுதான் கொழும்பில் ஒப்பீட்டளவில் நிம்மதி. சோறு, பருப்பு, கத்தரிக்காய், மீன் குழம்பு, சம்பல். பெருங்காயத்தையும் பொரியலையும் விலக்கிவிட்டால் தட்டு நிறையச் சாப்பிடலாம். பதினொன்றரைக்கே போவது நல்லது. ஒரு மணிக்குப் போனால் ஒரு சட்டிக் கரண்டி இன்னொரு சட்டிக்குள் நிற்கும்.

குடிக்கிறதிலும் கண் வேண்டும். வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு ஒரு கப் நெஸ்டமோல்ட் கரைத்துக் கொடுப்பது இலங்கையில் உபசாரம். அந்த மோல்ட் பார்லியில் இருந்து வருவது. ஹோர்லிக்ஸில் கோதுமையும் உண்டு. கால் வீக்கத்துக்கும் சூட்டுக்கும் அவிக்கும் பார்லித் தண்ணியும் இந்தப் பட்டியலில் சேரும். செவ்விளநீருக்கு எந்த அட்டையும் வேண்டாம்.

கொட்டாஞ்சேனைக்கு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். அப்பாவின் பக்கம் கத்தோலிக்கர். புனித லூசியா பேராலயத்தின் குவிமாடம் தெரியும் தூரத்தில் மாமியின் வீடு. மாமிக்கு ஒரே கவலை: பிள்ளை நன்மை வாங்குவது எப்படி? அப்பம் கோதுமையில் செய்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் சட்டப்படி அது கோதுமையில்தான் இருக்க வேண்டும். அரிசி அப்பம் செல்லாது. ஆனால் வழி மூடப்படவில்லை. வத்திக்கான் 2003இல் அனுப்பிய சுற்றுமடல், மிகக் குறைந்த குளூட்டன் உள்ள கோதுமை அப்பத்தை ஏற்கிறது. முடியாதவர்கள் இரசத்தை மாத்திரம் பெறலாம் என்றும் சொல்கிறது. 2017இல் அதை மீண்டும் உறுதிப்படுத்தினார்கள். அமெரிக்காவின் மிசூரியில் உள்ள பெனடிக்ற் சபைக் கன்னியர் அப்படியான அப்பத்தைச் செய்து அனுப்புகிறார்கள். பிள்ளை ஒரு சிறு டப்பியில் சிலவற்றைக் கொண்டு வந்திருந்தாள். பூசைக்கு முன்பே பங்குத் தந்தை ஒருவரிடம் அதைக் கொடுத்து, தனித் தட்டில் வைக்கும்படி கேட்டார்கள். இரசம் மாத்திரம் பெறுபவர்கள் இன்னொன்றையும் சொல்லி வைக்க வேண்டும்: பூசையில் குரு அப்பத்தின் ஒரு துண்டைக் கிண்ணத்துக்குள் இடுவார், அதனால் அந்தக் கிண்ணம் அல்லாமல் வேறு கிண்ணம் வேண்டும்.

இவ்வளவும் வெளியாட்களோடு. மிகக் கடினமான இடம் அம்மம்மாவின் குசினிதான். அங்கே அட்டை நீட்ட முடியாது. அன்பாகச் செய்ததை வேண்டாம் என்றால் மனம் நோகும், வாங்கினால் குடல் நோகும். தோசை வேண்டாம் என்ற முதற்காலையில் அம்மம்மாவின் முகம் வாடித்தான் போனது. “ஒருக்காச் சாப்பிட்டா என்ன பிள்ளை செய்யும்? கொஞ்ச மாதானே.” அரிசி மாவில் தனியாகப் புட்டு அவித்தும் கொடுத்தார். ஆனால் முதல் நாள் கோதுமை மா அவித்த அதே நீத்துப்பெட்டியில். பனையோலைப் பின்னலுக்குள் ஏறிய மா எத்தனை கழுவினாலும் போகாது.

அப்போதுதான் பிள்ளைக்கு ஒன்று பிடிபட்டது. குசினியின் ஒரு மூலையில் சட்டிகள் சில கவிழ்த்துத் தனியே இருந்தன. கந்தசஷ்டி விரதத்துக்கும் வெள்ளிக்கிழமைக்கும் அவை. மச்சச் சட்டியில் மரக்கறி காய்ச்சக்கூடாது. மச்சம் கிண்டிய அகப்பை சைவக் கறிக்குள் போகக்கூடாது. மீன் வெட்டிய பலகையில் விரதத்துக்கு வெங்காயம் அரியக்கூடாது. ஐம்பது வருடமாக அந்தக் குசினியில் பிசகாத ஒழுங்கு.

“அம்மம்மா, விரதச் சாப்பாட்டுக்குள்ள ஒரு துளி மீன் குழம்பு விழுந்தா என்ன செய்வீங்கள்?”

“எடுத்துக் கொட்டிறதுதான்.”

“எனக்குக் கோதுமை மா அப்பிடி. ஒவ்வொரு நாளும் விரதம்.”

அம்மம்மா ஒரு நிமிடம் பேசாமல் நின்றார். பிறகு கேள்விகள் அவரிடமிருந்தே வரத் தொடங்கின. அரிதட்டு? இடியப்ப உரல்? தோசைக் கல்லின் துடுப்பு? உப்புப் போத்தலுக்குள் மாக் கையை விட்டிருப்பேனே? இருபது நாள் வைத்தியர் விளக்கினாலும் வராத கேள்விகள் அவை. குறுக்குக் கலப்பு என்று நூல்களில் எழுதுவதைத் தமிழ்க் குசினி வேறு பெயரில் எப்போதோ அறிந்து வைத்திருக்கிறது. கொழும்புக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகிற சீலியாக் பிள்ளைகளின் தாய்மார் வைத்தியச் சொல்லில் தொடங்காமல் இந்தச் சட்டிக் கணக்கில் தொடங்கலாம். விரதம் பிடிக்கும் எந்த வீட்டிலும் அது விளங்கும்.

அன்று பின்னேரம் அம்மம்மா தானே நடந்துபோய் ஒரு புது நீத்துப்பெட்டியும் அகப்பையும் வாங்கி வந்தார். ஒடியல் மாவும் ஒரு பைக்கற். பனங்கிழங்கை உலர்த்தி இடித்த அந்த மாவுக்குள் கோதுமைக்கு வேலையில்லை. சனிக்கிழமை வீடு முழுவதும் ஒடியற் கூழ் குடித்தது, நண்டும் பலாக்கொட்டையும் மரவள்ளியும் போட்டு. மற்றவர்களுக்கு ஒரு சட்டி, பிள்ளைக்கு ஒரு சட்டி என்று பிரிக்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்காபரோவுக்குத் திரும்பும்போது அந்த நீத்துப்பெட்டியைப் பெட்டியில் வைக்க அம்மம்மா விடவில்லை. அடையாளத்துக்குச் சிவப்பு நூல் கட்டி, விரதச் சட்டிகளுக்கு மேலே ஆணியில் கொழுவி வைத்திருக்கிறார். அடுத்த வருடம் ஓகஸ்ட்டில் வருவதாகப் பிள்ளை சொல்லியிருக்கிறாள்.