கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே

வீட்டில் இரண்டு வைஃபை பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை தெரிந்திருக்கும். கூடத்தில் கணீரென்று கேட்ட வாட்ஸப் அழைப்பு, பேசிக்கொண்டே சமையலறைப் பக்கம் நடந்தால் நடுவழியில் ஊமையாகிவிடும். "கேக்குதா? கேக்குதா?" என்று இரண்டு பக்கமும் கத்துவோம்.

எங்கள் வீட்டில் இது சிரித்துவிட்டுப் போகிற விஷயமாக இல்லை. ஊரில் தனியாக இருக்கும் என் அக்காவுக்கு 82 வயது. தினமும் மாலை என் மனைவி அவரிடம் மாத்திரைக் கணக்கு கேட்பாள். நம் தமிழில் 'இல்லை' என்பது சொல்லின் வாலில் அல்லவா வருகிறது? "மத்தியான மாத்திரை சாப்பிடலை" என்று அக்கா சொல்ல, ஒருநாள் "சாப்பிட..." வரைதான் வந்து சேர்ந்தது.

தொலைபேசித் துறையில் காலம் தள்ளியவனுக்குக் கை சும்மா இருக்குமா? செல்போன் கோபுரங்களில், உங்களை எப்போது அடுத்த கோபுரத்துக்கு மாற்றுவது என்று நெட்வொர்க்தான் முடிவு செய்யும். வைஃபையில் அந்த முடிவு கையிலிருக்கும் போனுடையது. அதுவோ பழைய பெட்டியை லேசில் விடாது. சிக்னல் தேய்ந்து ஒன்றுமில்லாமல் போகிற நிலையில்தான் அடுத்ததைத் தேடும். இறங்க வேண்டிய நிறுத்தத்தில் பஸ் நின்ற பிறகு பையைத் தேடுகிற ஆசாமி மாதிரி.

அந்தத் தேடலில்தான் நேரம் போகிறது. ஒவ்வொரு சேனலாகப் போய் "யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுக் காத்திருக்க வேண்டும். 2003-ல் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் அளந்து பார்த்தார்கள். பெட்டி மாறும் நேரத்தில் 90 சதவீதத்துக்கு மேல் தேடலுக்கே செலவாகிறதாம். இணைய அழைப்பில் பேச்சு பொதுவாக 20 மில்லிநொடித் துண்டுகளாகப் போகும். அரை நொடி தேடினால் 25 துண்டு காலி. ஒரு "லை" போக அது தாராளம்.

இதற்காகவே வந்த ஏற்பாடுகள் உண்டு. 802.11கே என்பது பக்கத்துப் பெட்டிகளின் பட்டியலை முன்கூட்டியே போனிடம் கொடுத்துவிடும். 802.11ஆர் புதுப் பெட்டியில் நடக்கும் சரிபார்ப்பைச் சுருக்கும். இரண்டும் 2008-ல் வந்தவை. பெட்டி, போன் இரண்டிலும் அந்த வசதி இருக்க வேண்டும். என் பழைய பெட்டிகளில் இல்லை.

பொருத்த வந்த பையன் இரண்டுக்கும் இரண்டு பெயர் வைத்துவிட்டுப் போயிருந்தான். ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் ஆக்கினேன். இரண்டாவது பெட்டி தானும் முகவரி வழங்குவதை நிறுத்தி, வயர் மூலம் முதல் பெட்டியின் கீழ் கொண்டுவந்தேன். இல்லாவிட்டால் மாறும்போது போனின் முகவரியும் மாறி, அழைப்பே அறுந்துவிடும். சேனல்களை 1, 11 என்று தள்ளி வைத்தேன். கடைசியாகக் கூடத்துப் பெட்டியின் வலுவைக் கொஞ்சம் குறைத்தேன். மனைவிக்கு இது விசித்திரமாகப் பட்டது. வலு குறைந்தால்தான் போன் சீக்கிரம் மனம் மாறும் என்றேன்.

இப்போது சமையலறை வாசலில் சின்ன விக்கல் ஒன்று கேட்கிறது, அவ்வளவுதான். மாடிப்படியில் மட்டும் தகராறு தீரவில்லை, கான்கிரீட் தளம் குறுக்கே நிற்கிறது. மெஷ் பெட்டி வாங்குங்கள் தாத்தா என்கிறான் பேரன். கடையில் விலை விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.