மெர்சிங்: படகுத்துறைக்கு இந்தப் பக்கம்

மெர்சிங்குக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் மெர்சிங்கைப் பார்ப்பதில்லை. ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி வழியாக ஏறக்குறைய 130 கிலோமீட்டர் வந்து, காரை நிறுத்திவிட்டு நேரே படகுத்துறைக்குப் போய்விடுவார்கள். தியோமான் பகாங் மாநிலத்துத் தீவு. ஆனால் அதற்குப் படகு ஏறுவது ஜொகூரின் இந்தச் சிற்றூரில்தான். ரவா, பெசார் தீவுகளுக்கும் இங்கிருந்தே போகலாம். ஆற்றின் முகத்துவாரம் ஆழமில்லாதது. கடல் ஏறினால்தான் படகு வெளியே போகும் என்பதால் புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும். காத்திருக்கும் நேரத்தில் கெரோப்போக்கும் கருவாடும் வாங்கிக்கொள்வார்கள். நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை வடகிழக்குப் பருவமழையில் தென்சீனக் கடல் பொங்கும்போது பயணிகள் குறைந்து ஊர் ஊர்க்காரர்களுக்கே மிஞ்சும். எனக்கு அந்த மாதங்களின் மெர்சிங்தான் பிடிக்கும்.

இங்கே மலாய்க்காரர்கள் பெரும்பான்மை, அடுத்தது சீனர்கள். தமிழர் கொஞ்சம் பேர்தான். ரயில் பாதை குளுவாங் பக்கமாகப் போகிறது. இந்தக் கரையோரம் வரவில்லை. எங்கள் ஆட்கள் லாரியில் வந்து ஜெமாலுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் இறங்கினார்கள். என் பூட்டி, தாத்தாவின் அம்மா, சிறுமியாக, கங்காணி கூட்டிவந்த கூட்டத்தில் பெற்றோரோடு கப்பலேறியவர். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. அதற்குப் பிறகு அவருக்குச் சொந்தம் என்றால் லயத்தில் இருந்தவர்கள்தான்.

போர்ப் புத்தகங்களில் மெர்சிங்குக்கு இடமுண்டு. ஆஸ்திரேலியாவின் 22ஆவது படைப்பிரிவு இந்தக் கடற்கரையில் முள்கம்பி இழுத்து, கண்ணிவெடி புதைத்துக் காத்திருந்தது. ஜப்பானியர் வடக்கே எண்டாவ் பக்கமிருந்து தரைவழியாக வந்தார்கள். 1942 ஜனவரி 26 இரவு, ஜெமாலுவாங் சாலையோரம் நித்ஸ்டேல் ரப்பர்த் தோட்டத்தில் ஆஸ்திரேலியர் பதுங்கியிருந்து அவர்களைத் தாக்கினார்கள். எந்தக் கம்பெனி எங்கே நின்றது என்பதுவரை எழுதிவைத்திருக்கிறார்கள். அந்த மரங்களில் பால்வெட்டியவர்கள் அன்றிரவு எங்கே படுத்தார்கள் என்று எழுதத்தான் ஆளில்லை. பூட்டி வேறொரு தோட்டத்தில் இருந்தார். ஜப்பான்காரன் காலத்தைப் பற்றிக் கேட்டால் மரவள்ளிக்கிழங்கைப் பற்றித்தான் சொல்வார். சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன அண்ணன் திரும்பவில்லை என்பதை ஒரே வரியில் முடித்துவிடுவார். ஆனால் கடைசிவரை வீட்டுக் கொல்லையில் ஒரு பாத்தி மரவள்ளி இருந்தது.

நாங்கள் பார்த்த பூட்டி டவுனுக்கு வந்த பிறகான பூட்டி. தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். ஆள் தேவை குறைந்தது. 1969க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்புக் கார்டு வைத்திருந்த பல குடும்பங்கள் மூட்டை கட்டி ரஜூலா கப்பலில் ஊருக்குப் போயின. போனவர்களால் அம்மியையும் ஆட்டுக்கல்லையும் தூக்கிக்கொண்டு போக முடியுமா? பூட்டியிடம் விட்டுப்போனார்கள். டவுனுக்குக் குடிவந்தபோது அத்தனையும் லாரியில் ஏறின. கொல்லைச் சுவரோரம் வரிசையாக நிற்கும். எது யார் வீட்டுக் கல் என்று அவருக்குத் தெரியும். ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் காய்ச்சும் நாளில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்து அரைப்பார்கள். வீட்டுக்கு இரண்டு வெள்ளி வரி. அதைப் பூட்டியே வீடு வீடாகப் போய் வாங்குவார். எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் கொடுக்காதவர் பெயர் மறக்காது.

பக்தி என்றால் அவருக்குச் செவ்வாய், வெள்ளி சாமி மேடையைத் துடைத்து விளக்கேற்றுவது. அதைவிட நேரம் பிடித்த காரியங்கள் வேறு. பிள்ளைப்பேறு என்றால் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பெண்ணுக்கு மருந்துக் குழம்பு வைத்து, வயிற்றுக்குத் துணி கட்டி, குழந்தையைக் குளிப்பாட்டுவது பூட்டிதான். எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா தன் மருமகளுக்கும் கூப்பிட்டார். அந்த வீட்டுப் பிள்ளைகள் அவரை ‘நெனேக்’ என்றே அழைத்தார்கள். சாவு வீடென்றால் கேட்க வேண்டாம். மூன்று நாள் எங்கள் வீட்டில் சமையல் இருக்காது. மழைக் காலத்தில் தாழ்ந்த கம்பங்களில் தண்ணீர் ஏறினால் அண்டாவில் கஞ்சி. அதற்கு மட்டும் தாத்தா முணுமுணுப்பார்: “யார் வீட்டு அரிசிம்மா இது?” பூட்டி பதில் சொல்ல மாட்டார்.

அன்னை மங்களம் என்றால் மலேசியத் தமிழருக்குத் தெரியும். பூச்சோங்கில் சுத்த சமாஜத்தை நடத்தி, ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்து 2023இல் மறைந்தவர். அவருக்கு விருதுகள் வந்தன, வரவேண்டியவைதான். பூட்டி மாதிரிப் பெண்கள் தோட்டத்துக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்கள் பெயரில் மலரும் இல்லை, மன்றமும் இல்லை.

பூட்டிக்குக் கணக்குப் புத்தகம் உண்டு, வேறொருவர் கையில். பசார் பக்கத்துச் சீன மளிகைக்கடையில் சின்ன 555 நோட்டில் கடன் எழுதுவார்கள். பூட்டியின் கருமாதி முடிந்த பின் தாத்தா அதைத் தீர்க்கப் போனார். பால் டின், கோடாலித் தைலம், ஒரு மூட்டை அரிசி, மறுபடி பால் டின். பாதிக்கு மேல் எங்கள் வீட்டுக்கு வராத சாமான்கள். கடைக்காரத் தவுக்கே நோட்டைக் கிழித்துப்போட எழுந்தார். தாத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா வாங்கியது அம்மா வாங்கியதுதான் என்றார். கடைக்கு நடுவில் இருவரும் பசார் மலாயில் கத்திக்கொண்டதை வெளியே ஆள் கூடி வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் அரிசிக்கு மட்டும் காசு, தைலத்துக்கும் பால் டின்னுக்கும் இல்லை என்று முடிவானது. அதையும் தாத்தா நான்கு தவணையில்தான் கட்டினார்.