கட்டங்களும் கையொப்பமும்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தறியோசையில் விழித்து வளர்ந்தவன் நான். அப்பா குழித்தறியில் அமர்ந்திருப்பார். அருகில் அக்கா இருப்பாள். சேலையின் உடலுக்கு ஒரு நிறமும் இரு கரைகளுக்கு வேறொரு நிறமும் அமையும் கோர்வை நெசவில் மூன்று நாடாக்கள் ஓடவேண்டும். அது ஒருவர் கைக்கு அடங்காது. மூன்றாவது நாடாவை எறிவதற்காக அக்கா ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டாள். நான் படித்தேன்.

கல்லூரியில் வடிவியல் அருவ ஓவியம் எனக்கு அறிமுகமாயிற்று. உருவங்களை விலக்கி, கோட்டாலும் கட்டத்தாலும் நிறத்தாலுமே பேசும் கலை அது. ருஷ்ய ஓவியர் மாலேவிச் 1915இல் காட்சிக்கு வைத்த கருஞ்சதுரமும், டச்சு ஓவியர் மோந்திரியானின் சிவப்பு, நீல, மஞ்சள் கட்டங்களும் உலகை வியக்கவைத்தன. எனக்கோ அவை அயலாகத் தோன்றவில்லை. பாவும் ஊடையும் குறுக்கிடும் தறியில் கட்டமே இயல்பான வடிவம். ‘பாலும் பழமும்’ கட்டத்தை இழை எண்ணி நெய்த கைகளை நான் அறிவேன்.

ஜெர்மனியில் 1919இல் தோன்றிய பௌஹவுஸ் கலைப்பள்ளி பெண்களைச் சேர்த்துக்கொண்டது. ஆயினும் பெரும்பாலோரை நெசவுக்கூடத்திற்கே அனுப்பியது. அங்குப் பயின்ற ஆனி ஆல்பர்ஸ் இழைகளாலேயே அருவக்கலை படைத்தார். 1949இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடத்தியது. நெய்த துணி நெய்தவர் பெயரோடு சுவரேறியது.

சென்ற ஆண்டு அக்காவைச் சென்னையை அடுத்த சோழமண்டலம் கலைஞர் கிராமத்திற்கு அழைத்துச் சென்றேன். கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966இல் உருவான அக்கிராமத்தின் ஓவியர்கள், பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களை விற்றுத் தம் ஓவிய வாழ்வைக் காத்துக்கொண்டவர்கள். கட்டங்கள் நிறைந்த ஓர் ஓவியத்தின் முன் அக்கா நெடுநேரம் நின்றாள். பின்பு அதன் மூலையிலிருந்த கையொப்பத்தைக் காட்டி, “தம்பி, அப்பா நெய்த சேலை எதிலாவது அவர் பெயர் இருந்ததா?” என்றாள். தன் பெயரைப் பற்றி அவள் கேட்கவில்லை.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. அது ஊரின் பெயரைக் காக்கிறது. நெய்தவர் பெயரைச் சொல்வதில்லை.

அப்பா அம்மாவுக்கென நெய்த ஒரே சேலையை அன்றிரவு விரித்துப் பார்த்தோம். கரையும் உடலும் சேரும் கோட்டில் ஓரிடத்தில் இழை சற்றே பிசகியிருந்தது. “நான் தூங்கி விழுந்த இடம்” என்று அக்கா சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. சேலையை மடிக்கும்போது, இருவர் பெயரையும் ஒரு தாளில் எழுதி உள்ளே வைத்தேன்.